சாயங்காலப் பாதம்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இடது ஷூவின் முனையில் ஏதோ தட்டுப்படுகிறதே என்று உள்ளே கையை விட்டிருப்பாய். அளவு தவறவில்லை. நான்தான் இந்தத் தாளை மடித்துத் திணித்தேன். நாள் முழுக்க நிற்கிற வேலை என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அப்பா அலமாரியிலிருந்து உன் கால் அளவுக்குச் செதுக்கிய அச்சுக்கட்டையை எடுத்துத் தூசி தட்டி, இரண்டே நாளில் ஷூவை அடித்து முடித்துவிட்டார். உள்தோலை ஒட்டியது நான். கடித்தால் என்னைத் திட்டு.

நாம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. போனில் உன் குரல் கேட்டாலே எனக்கு வாய் அடைத்துவிடும். அம்மா போனை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். எழுதினால் வருகிறது.

என் காலை வெட்டப் போகிறார்கள். முழுக் காலையும் இல்லை. கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்குக் கயிறு மாதிரி இறங்குகிறதே, அதை வெட்டி நீளமாக்கித் தைப்பார்களாம். எலும்பு டாக்டர் மார்ச் 20 என்று நாள் சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டிவிட்டார்.

நீ பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாய். அப்படி வெட்டிக்கொண்டவர்கள் உன் ஜன்னல் வழியாகப் போயிருப்பார்கள். அவர்கள் பிறகு காலையில் நடக்கிறார்களா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். சாயங்காலம் எப்படியும் எனக்குக் கால் கிடையாது. இடது பாதம் உள்ளே திரும்பிக்கொள்ளும், குதிகால் தூக்கிக்கொள்ளும், முதுகு கோணும், சுவரைப் பிடித்துக்கொண்டு வாத்து நடைதான். ஆனால் காலை ஆறு மணிக்குக் குழாயடிக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்பி வருகிறேன். எனக்கென்று இருப்பது அந்த நேரம் ஒன்றுதான். வெட்டினால் அதுவும் போய்விடுமா?

நான் நடிக்கவில்லை. கேட்க வந்தது இதுவல்ல, இருந்தாலும் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

தங்கை


பிப்ரவரி 9

சின்னவளே,

ஷூ கடிக்கவில்லை. ஆனால் நீ கடிக்கிறாய். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதுவும் ஷூவுக்குள். ஓய்வறையில் அத்தனை பேர் பார்க்க ஷூவை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். பக்கத்துக் கவுண்டர்க்காரி, "என்னடி, ஷூவுக்கு ஜோசியம் பாக்கறியா?" என்றாள்.

எனக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. 'மூணாவது ஓடு.' வாசலிலிருந்து என் ஜன்னல் வரை தரையில் பதினோரு பெரிய ஓடுகள். வருகிறவர் மூன்றாவது ஓட்டைத் தாண்டுவதற்குள் எந்த அறைக்கு டோக்கன் போட வேண்டும் என்று நான் சொல்லிவிடுவேன். எலும்புக்கு ஒன்பதாம் அறை, நரம்புக்கும் மூளைக்கும் இருபத்திரண்டு. முழங்கால் வலிக்காரர்கள் வலிக்கிற காலில் அரை நொடிகூட நிற்க மாட்டார்கள், அவர்களுக்கு ஒன்பது. ஒரு பெரியவர் முன்னால் குனிந்தபடி, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரிச் சின்னச் சின்ன அடியாக ஓடி வருவார். கைகள் இரண்டும் வீசாமல் தொங்கும். வாசல்படி வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். இருபத்திரண்டு. ஒரு அம்மா ஒரு காலை அரைவட்டமாக வீசி வீசி வருவார், அந்தப் பக்கத்துக் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். இருபத்திரண்டு. இன்னொருவர் காலை உயரத் தூக்கித் தப்பென்று போடுவார், தூக்கும்போது பாதம் தொங்கும். அவருக்கும் அதே அறைதான். நோய் எதுவானாலும் இவர்கள் எல்லோரும் வாசலில் நடந்த மாதிரியேதான் திரும்பிப் போகும்போதும் நடப்பார்கள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. இரண்டு வாளி தூக்குகிற காலில் அந்த டாக்டர் எதை வெட்டப் போகிறார்? அவர் உன்னை எத்தனை மணிக்குப் பார்த்தார்? அப்போது காலில் என்ன போட்டிருந்தாய்? உள்ளே போய் நீ வாயைத் திறந்தாயா, இல்லை வழக்கம்போல் அப்பாவே எல்லாம் பேசினாரா?

வெட்டிக்கொண்டவர்களில் சிலர் நன்றாக நடக்கிறார்கள். தேவையில்லாமல் வெட்டிக்கொண்டவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

பதினொரு மணிக்குப் பார்த்தார். அப்பா எனக்காகச் செய்த ஷூவைப் போட்டிருந்தேன். உனக்கு அது தெரியாது, நீ போன பிறகு செய்தது. இடது அடியில் கார்க் ஆப்பு வைத்து, வெளிப்பக்கம் தூக்கி, குதிகாலுக்கு இரண்டு விரல் உயரம். நம் கடையில் அளவு எப்போது எடுப்போம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மணிக்கு மேல்தான். காலையில் எடுத்தால் சாயங்காலம் கால் வீங்கி ஷூ இறுக்கும் என்று எல்லோரையும் சாயங்காலம் வரச் சொல்வார் அப்பா. என்னையும் அப்படித்தான் நிற்க வைத்து அளந்தார். அது என் சாயங்காலப் பாதத்துக்குச் சரியாக இருக்கிறது. காலையில் போட்டால் என்னை வேறு பக்கம் சாய்க்கிறது. டாக்டர் பார்த்தது அந்தச் சாய்வைத்தான்.

அப்பாவைக் குறை சொல்லாதே. அவர் ஐந்து மணிக்கே தோல் கிடங்குக்குப் போய்விடுகிறார், பத்து மணிக்கு வருகிறார். அவருக்கு என் காலைநேரம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். "சாயங்காலம் ஆனா எனக்கும்தான் கால் இழுக்குது, வேலை செஞ்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்பாள். ஒன்பது வயதில் ஒரு டாக்டரிடம் போனோமே, அதுவும் காலையில்தான், செருப்போடு. அவர் என்னை அங்குமிங்கும் நடக்கவிட்டு, "ஸ்கூலுக்குப் போகச் சோம்பல்" என்றார். நீ அம்மா பின்னால் நின்று சிரித்தாய்.

வாயைத் திறந்தாயா என்று கேட்கிறாய். கடைசியாக நான் எல்லோர் முன்னாலும் வாயைத் திறக்க நினைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். மதிய ஷிப்டில் கடைசி வகுப்பு. 'வாத்து' என்று வகுப்பே கூப்பிடுகிற நான் கரும்பலகைக்குப் போகும்போது விழுந்தேன். டீச்சர் உன்னைப் பக்கத்து வகுப்பிலிருந்து கூப்பிட்டு, "வீட்லயும் இவ இப்படித்தானா?" என்றார். நாற்பது பேர் முன்னால் நீ சொன்னாய்: "காலையில நல்லாத்தான் நடக்கறா டீச்சர். சாயங்காலம் ஆனா நடிப்பு." மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

அதற்கு முன்பும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பாய், என்னைத் தெரியாதவள் மாதிரி. நான் உன் பையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்வேன்.

யார் யாரையோ மூன்றாவது ஓட்டுக்குள் கண்டுபிடிக்கிறாய். நான் உன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தேன்.

பதில் எழுத வேண்டாம்.


பிப்ரவரி 21

சின்னவளே,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நேற்று இருபத்திரண்டாம் அறை நர்ஸ் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"சிஸ்டர், காலையில நல்லா நடந்துட்டு சாயங்காலம் கால் கோணிக்குமா யாருக்காவது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு. சும்மா நடிக்கறா."

"எத்தனை வருஷமா நடிக்கறா?"

"ஏழு வயசுலேர்ந்து. இப்ப பதினாறு."

"ஒன்பது வருஷம். தினமும் அதே நேரத்துக்கு. ஒருநாள்கூட மறக்காம." அவர் என்னையே பார்த்தார். "ஏம்மா, நம்ம ஆஸ்பத்திரி லிப்ட்டுகூட அவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாதே. தூங்கி எழுந்தா சரியாயிடுதா?"

எனக்குத் தெரியவில்லை. உன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு நோய் இருக்கிறதாம். அரிதாம், ஆனால் இருக்கிறதாம். கோளாறு காலில் இல்லையாம். அந்த அறை டாக்டர் அம்மா பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் நர்ஸ். ஆனால் அந்த அம்மா மதியம்வரைதான் பார்ப்பார். ஆறு மணிநேர பஸ்ஸில் நீ தூங்கிக்கொண்டே வந்தால், இங்கே இறங்கி ராணி மாதிரி நடப்பாய், அவரும் ஒன்பது வயதில் பார்த்த டாக்டர் சொன்னதையே சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் முதலில் எழுத்தில் ஏதாவது காட்டி அவரை நம்ப வைக்க வேண்டும். ஒருநாள் முழுக்க, எத்தனை மணிக்கு எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பு. இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

எனக்காக இல்லை. அந்த இரண்டு வாளிக்காக அனுப்பு.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

எழுதிப் பார்த்தேன். 'ஒன்பது மணிக்குக் கொஞ்சம்', 'பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம்' என்று வந்தது. படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எட்டாவதோடு நின்றவளுக்கு டாக்டருக்கு எழுதுகிற மாதிரியெல்லாம் எழுத வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான். பெண்கள் வந்தால் நான்தான் அளவு எடுக்கிறேன், உள்ளங்காலில் சுண்ணப்பொடி தடவி, பழுப்புத் தாளில் மிதிக்க வைத்து, தரையைத் தொட்ட இடத்தை மட்டும் பென்சிலால் சுற்றி வரைவேன். அதையே எனக்குச் செய்துகொண்டேன்.

உள்ளே ஏழு தாள் இருக்கிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் மணி போட்டிருக்கிறேன். ஆறு மணித் தாளில் இரண்டு பாதமும் முழுசாக, குதிகால் உருண்டையாக. ஒன்பதில் இடது சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் அழுத்தம். பன்னிரண்டில் பாதம் உள்ளே திரும்புகிறது. இரண்டு மணிக்குக் குதிகால் பாதிதான். பிறகு ஒரு மணிநேரம் தூங்கினேன். மூன்றரைத் தாளைப் பார், குதிகால் திரும்பி வந்திருக்கிறது. ஐந்தில் மறுபடி போய்விட்டது. ஏழு மணித் தாளில் இடது பாதம் என்று ஒன்றும் இல்லை, வெளி ஓரமும் நான்கு விரல் நுனியும்தான்.

அவற்றைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் பத்து மணிக்குத் தோல் கட்டோடு வந்த அப்பா கொடியைப் பார்த்து நின்றார்.

"இந்த ஆறு மணி யாரு காலு?"

"என்னோடதுப்பா."

"விளையாடாத. உன் காலு எனக்குத் தெரியாதா? என் கையால அளந்தது."

ஏழு மணித் தாளைக் கழற்றி அதன் பக்கத்தில் பிடித்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன். "நாளைக்கு ஒருநாள் கிடங்குக்குப் போகாதீங்கப்பா."

இன்று காலை அவர் போகவில்லை. ஆறு மணிக்குக் குழாயடியிலிருந்து வாளிகளோடு நான் வரும் வரை வாசலில் நின்று பார்த்தார். நான் வாளிகளைக் கீழே வைத்ததும், தாளை விரித்துத் தரையில் மண்டியிட்டு, தன் பென்சிலாலேயே வரைந்தார். இரண்டு தரம் வரைந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா எவ்வளவு பேரு காலைப் பிடிச்சு அளந்திருக்கேன். என் வீட்டுக்குள்ள ஒரு காலு நான் பார்க்காமலே இருந்திருக்கு."

"விடிஞ்சா வீட்ல இருந்தாத்தானே பார்க்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்து ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்தார். என் ஷூவிலிருந்து அந்தக் கார்க் ஆப்பைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். எலும்பு டாக்டரிடம் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கப் போயிருக்கிறார்.

தாள்களை மடிக்காதே, சுருட்டி வை. மடித்தால் கோடு அழியும்.

தங்கை


மார்ச் 8

சின்னவளே,

சுருட்டித்தான் வைத்திருந்தேன். ஷூ டப்பாவில் வைத்து, இருபத்திரண்டாம் அறை வாசலில் வேலை முடிந்த பிறகு நின்றேன். டாக்டர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எவ்வளவோ பேரை வரிசையில் நில்லுங்கள் என்று விரட்டுகிற எனக்கு வரிசை இல்லாமல் வழிமறிக்க வெட்கமாக இருந்தது. "ரெண்டே நிமிஷம் டாக்டர்" என்றேன்.

மேஜை போதவில்லை. நோயாளி படுக்கிற கட்டிலின்மேல் வரிசையாக விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளிலிருந்து ஏழாவதுவரை நடந்தார். பிறகு திரும்பி நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றார்.

"இங்க என்ன ஆச்சு?"

"தூங்கினா டாக்டர். ஒரு மணிநேரம்."

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். இரண்டு நிமிஷம் நாற்பது நிமிஷமானது. இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் இப்படி ஒரு சாட்சி கொண்டுவந்ததில்லை என்றார். உன் படிப்பு என்ன என்று கேட்டார். எட்டாவது என்றேன். "எட்டாவது படிச்சவ செஞ்ச மாதிரி இல்லையே" என்றார். நான் ஏதோ நானே வரைந்த மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூளையில ஒரு சரக்கு ஊறணும். அதுதான் காலுக்கு இப்படி வை, அப்படி வைன்னு சொல்றதுக்கு உதவுது. இவளுக்கு அது கம்மியா ஊறுதுன்னு நினைக்கிறேன். தூங்கினா கொஞ்சம் சேருது, நடமாடினா தீருது. அப்படி இருந்தா மாத்திரை போதும். கத்தி வேண்டாம். முதல்ல நான் பார்க்கணும், அதுவரைக்கும் யாரும் எதையும் வெட்டக் கூடாது." பதினேழாம் தேதி அழைத்து வரச் சொன்னார். காலையிலும் பார்ப்பாராம், உனக்காகச் சாயங்காலம்வரை இருந்து இன்னொரு தரமும் பார்ப்பாராம்.

கடைசியில் ஒன்று கேட்டார். "காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரின்னு முதல்ல கவனிச்சது யாரு?"

நான்தான் என்றேன். அது உண்மைதானே. நாற்பது பேர் முன்னால் நான் சொன்ன முதல் பாதி முழு உண்மை. அதை ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் உனக்கு இரண்டு வருஷப் படிப்பு மிச்சமாகியிருக்கும். டீச்சரிடம் சொன்னேன், கூடவே அந்தக் கடைசி வார்த்தையையும் சேர்த்தேன். கண் சரியாகத்தான் பார்த்தது. மனசுதான் கோணலாக இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உதட்டைச் சுழிப்பாய். அதனால் எழுதவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உதட்டைச் சுழித்தேன். நீ பார்க்கவில்லை, அதனால் கணக்கில் சேராது.

எலும்பு டாக்டர் அப்பா நினைத்ததைப்போல் கோபப்படவில்லை. "நரம்பு டாக்டர் பார்க்கட்டும், நல்லதுதான், நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று நாளைத் தள்ளிவைத்துவிட்டார். அப்பாதான் வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தார். அத்தனையும் வீணாகிவிட்டது என்று அம்மா சிரிக்கிறாள்.

எனக்கு வேறொரு பயம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மாத்திரை கேட்கவில்லை என்றால்? அப்புறம் எல்லோரும், நீயும்கூட, நான் நடித்ததாகத்தான் நினைப்பீர்கள். நானேகூட நினைத்துவிடுவேன். சில சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, 'நிறுத்து, நேராக வை' என்று என் காலைப் பார்த்துச் சொல்வேன். அது கேட்காது. ஒருவேளை நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றும்.

பதினேழாம் தேதி எட்டு மணிக்கு இறங்குவோம். நீ பஸ் நிலையத்துக்கு வருவாயா? வந்தால் என்னோடு நடப்பாயா, முன்னால் நடப்பாயா?

தங்கை


மார்ச் 14

பக்கத்தில்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

நீ பஸ் நிலையத்திலிருந்தே என் பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் ஜன்னல்வரை பதினோரு ஓட்டையும் என் கையைப் பிடித்தபடி நடந்ததை இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அம்மா கேலி செய்வாள். காலையில் டாக்டர் அம்மா முன்னால் நான் ராணி மாதிரி நடந்தபோது உன் முகம் செத்துப்போனதையும் பார்த்தேன். ஐந்து மணிக்கு அதே வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வந்தபோது உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். தங்கை கோணிக்கொண்டு நடந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே அக்கா நீதான்.

இனி மாத்திரை கதை.

சாப்பிட ஆரம்பித்த முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வயிற்றைப் புரட்டியது, வேறொன்றும் இல்லை. அன்று சாயங்காலமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாய்க்குப் போனேன். அப்பா பட்டறையில் ஆணியை அடிக்காமல் விரலை அடித்துக்கொண்டார்.

நாலாம் நாள் மதியம் உள்தோல் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா, "மணி மூணாச்சு, போய்ப் படு" என்றாள். எழுந்து கத்தரியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, பசை டப்பாவை எடுத்து வந்து உட்கார்ந்தேன். அம்மா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "நீ எதையும் பிடிச்சுக்கலையே" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஐந்து மணிக்கு எழுந்து நடந்தேன். ஆறு மணிக்கு நடந்தேன். ஏழு மணிக்கு அப்பா கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார், கையில் பழுப்புத் தாளும் பொடியும். மண்டியிட்டார். நான் மிதித்தேன். அவர் வரைந்துகொண்டே வந்து குதிகாலில் பென்சிலை நிறுத்தினார். முழுசாக இருந்தது, அக்கா. உருண்டையாக. காலைக் குதிகால் சாயங்காலம் வந்து நிற்கிறது. அப்பா தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் போய் நின்றார். எதிர்க்கடைக்காரர், "என்ன, புது மாடலா?" என்று கேட்டாராம். "ஆமா" என்றாராம் அப்பா.

ஐந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒருநாள்கூட அது திரும்பிப் போகவில்லை. வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னது நினைவிருக்கிறது. பல் தேய்ப்பதுபோல் அதையும் வைத்துக்கொள்வேன்.

நேற்று ஒன்று செய்தேன். ஆறு மணிக்கு, மதிய ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு, தனியாக நடந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். போகும் வழியில் எந்தச் சுவரையும் தொடவில்லை. சுவர்கள் எல்லாம் எனக்குப் பழக்கம், எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்றுகூட விரலுக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினார்.

"யாரும்மா நீ? பார்த்த முகமா இருக்கே."

எனக்கு வாய் அடைக்கும் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. "நான்தான் டீச்சர். வாத்து."

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் மொத்தமாக அத்தனை வார்த்தை நான் பேசியதில்லை. அவர் கையிலிருந்த நோட்டுக்கட்டைச் சைக்கிள்மேல் வைத்துவிட்டு, "ஜூன்ல வா. என்கிட்ட நேரா வா. ஆனா உன் வயசுக்கு மதிய ஷிப்ட்லதான் இடம் இருக்கும், ஆறு மணி ஆயிடுமே" என்றார்.

"ஆகட்டும் டீச்சர்" என்றேன்.

தங்கை

உள்ளே எட்டாவது தாள் இருக்கிறது. மூலையில் மணி பார்.


ஏப்ரல் 4

சின்னவளே,

ஏழு மணி. பார்த்தேன். பஸ்ஸில் விரித்தேன், ஓய்வறையில் விரித்தேன், இருபத்திரண்டாம் அறையில் விரித்தேன். நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டார், அவர் பழைய ஏழாவது தாளைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பக்கத்துக் கவுண்டர்க்காரி எட்டிப் பார்த்து, "ஒரே காலா? பொய் சொல்லாதே" என்றாள். எனக்கு அந்த வார்த்தை இவ்வளவு இனிக்கும் என்று தெரியாது.

பதினொன்றாம் தேதியிலிருந்து எனக்கு நான்கு நாள் லீவு. பஸ் சாயங்காலம் ஆறேகாலுக்கு அங்கே வரும். அப்பாவை அனுப்ப வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

அப்பா வரமாட்டார். அவருக்கு என் புது ஷூ வேலை இருக்கிறது. சாயங்காலம் நிற்க வைத்துத்தான் அளந்தார், எல்லோரையும் அளக்கிற மாதிரி. ஆப்பு இல்லை, உயரம் இல்லை, இரண்டு காலுக்கும் ஒரே அடித்தோல். கோணல் பாதத்துக்குச் செய்த பழைய கட்டையை எடுத்துவிட்டார்; என் பெயரில் இப்போது ஒரே ஒரு ஜோடி அச்சுக்கட்டைதான் அலமாரியில் இருக்கிறது, உன்னுடையதற்குப் பக்கத்தில்.

ஆறேகாலுக்கு நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். உன் பெட்டியை நான்தான் தூக்குவேன், சண்டை போடாதே. முதல் தெரு முழுக்க உனக்குப் பத்தடி முன்னால் நடப்பேன், உன்னைத் தெரியாதவள் மாதிரி. என் முதுகையும் இரண்டு குதிகாலையும் நன்றாகப் பார்த்துக்கொண்டு வா. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பேன். அங்கிருந்து வீடுவரை சேர்ந்து போகலாம்.

தங்கை